ஓடும் இலக்கும் ஓயாத கையும்

பாஞ்சாலியின் சுயம்வர மண்டபத்திலே, மேலே சுழன்றுகொண்டிருந்த மீனைக் கீழே நீரில் தெரிந்த நிழலைப் பார்த்தவாறே அருச்சுனன் வீழ்த்திய கதையை அறியாதார் நம்மிடையே இலர். துரோணர் வைத்த சோதனையில், மரக்கிளையில் அசையாதிருந்த பறவையின் கண்ணை மட்டுமே கண்டவனும் அவனே. இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருசேர எண்ணும்போது, நிற்கும் இலக்கை எய்வது ஒரு கலை, ஓடும் இலக்கை எய்வது வேறொரு கலை என்பதைப் பழையோர் நன்கு உணர்ந்திருந்தனர் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. முன்னதற்கு மனத்தின் ஒருமை போதும். பின்னதற்கோ அவ்வொருமையோடு கையின் ஓட்டமும் வேண்டும்.

அருச்சுனனுக்குத் துரோணர் இருந்தார். அரச குலத்துப் பிறப்பும் இருந்தது. குருவும் இன்றி, குலப்பெருமையும் இன்றி, பசியையே ஆசானாகக் கொண்டு இக்கலையைக் கற்ற ஒரு பெண்மணியின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன். அவர்தாம் அன்னி ஓக்லி அம்மையார். வேடிக்கை காட்டிய துப்பாக்கிக்காரி என்றே உலகம் அவரை நினைவிற் கொண்டுள்ளது. பல்லாண்டுகளாக மாணவரோடு பழகிவரும் எனக்கோ, அவர் ஒரு நல்லாசிரியராகவே காட்சி தருகின்றார்.

பசி தந்த பயிற்சி

ஐக்கிய அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில், டார்க் என்னும் மாவட்டத்தில், 1860ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 13ஆந் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பீபி ஆன். அன்னி ஓக்லி என்பது பிற்காலத்தில் மேடைக்கென அவர் ஏற்றுக்கொண்ட பெயர். தந்தையார் யேக்கப் பனிப்புயலில் அகப்பட்டு நோயுற்று, 1866இல் இறந்தார். பல பிள்ளைகளோடு தாயார் சூசன் தனித்துத் தவித்தார். வறுமை முற்றவே, ஏறத்தாழப் பத்து வயதில் அன்னி மாவட்டத்து ஏழை விடுதிக்கு அனுப்பப்பட்டாள். அங்கே தையற் கலையைக் கற்றாள். பின்னர் ஒரு குடும்பத்தார் வேலைக்கென அவளை அழைத்துச் சென்று, ஏறத்தாழ இரண்டாண்டுகள் கொடுமையாக நடத்தினர். அவர்களின் பெயரை அவர் தம் வாழ்நாளில் ஒருபோதும் வெளியிட்டாரில்லை. ஓநாய்கள் என்றே குறிப்பிட்டார். ஒருநாள் அங்கிருந்து தப்பியோடி மீண்டும் தாயின் வீட்டை அடைந்தாள்.

இதற்கு முன்னரே துப்பாக்கி அவளுக்குப் பழக்கமாயிருந்தது. எட்டு வயதில், தந்தையார் விட்டுச்சென்ற பழைய துப்பாக்கியை எடுத்து ஓர் அணிலைச் சுட்டதே தமது முதல் வேட்டை எனப் பிற்காலத்தில் அவர் கூறியிருக்கின்றார். வீடு திரும்பிய பின்னர் வேட்டையே அவளுக்குத் தொழிலாயிற்று. காட்டிற் சுட்ட பறவைகளையும் முயல்களையும் கிறீன்வில் என்னும் சிறு நகரத்துக் கடையொன்று வாங்கிக்கொண்டது. அவை சின்சினாற்றி நகரத்து விடுதிகளின் உணவு மேசைகளைச் சென்றடைந்தன. உடலெங்கும் சன்னம் பாய்ந்த இறைச்சியை எவர் விரும்புவர்? ஆதலின் தலையை நோக்கியே சுடப் பழகினாள். குறி தவறினால் மருந்தும் நட்டம், உணவும் நட்டம். இவ்வாறு ஈட்டிய பணத்தைக் கொண்டு, பதினைந்து வயதளவில், தாயாரின் நிலத்தின் மீதிருந்த ஈட்டைத் தீர்த்து வைத்தாள் என அவர் வரலாறு கூறுகின்றது.

கலையின் நுட்பம்

நம்மவர் துவக்கு என வழங்கும் கருவியில் இருவகை உண்டு. ஒற்றைக் குண்டைச் செலுத்தும் றைபிள் ஒன்று; நூற்றுக்கணக்கான சன்னங்களை ஒருசேரச் செலுத்தும் சன்னத் துவக்கு மற்றொன்று. பறக்கும் பறவைக்கு உரியது பின்னதே. சன்னங்கள் பரந்து செல்வதால் அது எளிதென்று புதியவர் எண்ணுவர். சிறிது கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும்.

முப்பது கஜ தூரத்தில், மணிக்கு 40 மைல் வேகத்தில், ஒரு புறா குறுக்கே பறக்கின்றது என்று கொள்வோம். அது செக்கனுக்கு ஏறக்குறைய 59 அடி செல்லும். சன்னங்களின் சராசரி வேகத்தைச் செக்கனுக்கு 1000 அடி என்று வைத்துக்கொண்டால், அவை 90 அடியைக் கடக்கச் செக்கனில் நூற்றில் ஒன்பது பங்கு நேரம் ஆகும். அந்நேரத்துள் புறா ஐந்தடிக்கு மேல் முன்னே போய்விடும். சன்னங்கள் விரியும் வட்டமோ அவ்விடத்தில் ஏறத்தாழ ஒரு கஜக் குறுக்களவே உடையது. ஆகவே புறாவையே குறிவைத்துச் சுட்டவனின் சன்னங்கள் யாவும், புறா விட்டுச்சென்ற வெற்று வெளியைத்தான் துளைக்கும். இருக்கும் இடத்தை விடுத்து, இருக்கப்போகும் இடத்தை நோக்கிச் சுடவேண்டும்.

அதற்காக அடிக்கோல் கொண்டு அளந்து பார்க்க நேரமேது? நிற்கும் இலக்கைச் சுடுவோன் ஒரு கண்ணை மூடிக் குறியை ஒழுங்கு செய்து மூச்சடக்குவான். பறக்கும் இலக்குக்கு இரு கண்களும் திறந்திருக்க வேண்டும். பார்வை பறவையின் மேல் இருக்க, துவக்கின் குழல் அதன் பின்னே தொடங்கி, அதனைத் தொட்டு, முந்தி, அந்த வீச்சு ஓயாமலே விசை அழுத்தப்பட வேண்டும். பயில்வோர் பெரும்பாலோர் தவறுவது எங்கே? விசையை அழுத்தும் கணத்தில், சரியாக இருக்கின்றதா என்று பார்ப்பதற்காகக் கையை நிறுத்திவிடுகின்றனர். கை நின்ற கணமே பறவை தப்பிவிடுகின்றது. ஐயம் கையை நிறுத்தும். நின்ற கை தோற்கும்.

போட்டியும் துணையும்

பிராங் பற்லர் என்பவர் ஊர் ஊராகச் சென்று துப்பாக்கித் திறமை காட்டிவந்த வித்தகர். உள்ளூரார் எவரோடும் போட்டியிட முன்வந்த அவருக்கு எதிரே, ஐந்தடி உயரமே உள்ள ஒரு கிராமத்துப் பெண் வந்து நின்றாள். இருபத்தைந்து பறவைகள் விடுவிக்கப்பட்டன. பற்லர் இருபத்துநான்கை வீழ்த்தி, ஒன்றைத் தவறவிட்டார். அன்னி ஒன்றையும் தவறவிடவில்லை. தோற்ற வீரர் வென்றவளையே விரும்பி மணந்தார்.

1882ஆம் ஆண்டு, பற்லரின் மேடைத் தோழர் நோயுறவே, அவரிடத்தை நிரப்ப அன்னி மேடையேறினார். மனைவியின் ஆற்றல் தம்முடையதினும் மேம்பட்டதென்பதைக் கண்ட பற்லர், நாளடைவில் தாம் ஒதுங்கி, அவருக்கு முகாமையாளராகவும் உதவியாளராகவும் அமைந்தார். தோல்வியை இவ்வாறு பெருந்தன்மையோடு ஏற்ற ஆடவரை வரலாற்றிலே நான் அதிகம் கண்டதில்லை. அன்னியின் புகழிற் பாதியை அவருக்கே வழங்கவேண்டும் என்பது என் கருத்து.

1885இல் பஃபலோ பில் எனப் புகழ்பெற்ற வில்லியம் கோடியின் காட்சிக் குழுவில் அன்னி சேர்ந்தார். மேலே எறியப்பட்ட கண்ணாடிப் பந்துகளை அவர் நொறுக்கினார். முதுகு காட்டி நின்று, கண்ணாடியில் தெரிந்த உருவைப் பார்த்தவாறே தோளுக்கு மேலாகச் சுட்டார். நீர் நிழலைப் பார்த்து மீனை வீழ்த்திய அருச்சுனனை இங்கே நினையாதிருத்தல் இயலுமோ? ஒருமுறை ஒன்பது மணி நேரத்துள் 5000 பந்துகளைச் சுட முயன்று, தாமே துப்பாக்கிகளை நிரப்பி, 4772ஐ உடைத்தார். லகோட்டா மக்களின் தலைவரான சிற்றிங் புல், 1884இல் அவரைக் கண்டு மகள்போல் ஏற்று, குறி தவறாத சிறியவள் என்னும் பொருள்படப் பெயர் சூட்டினார்.

1887இல் விக்டோரியா மகாராணியாரின் பொன்விழாவையொட்டிக் குழுவினர் இலண்டன் சென்றனர். பிறந்த மண்ணில் தவறாத கை இங்கிலாந்தின் விரைந்து பறக்கும் புறாக்களிடம் முதலில் தடுமாறியது. சாள்ஸ் லங்காஸ்ரர் என்னும் துப்பாக்கித் தொழிலாளர், அவரது துப்பாக்கிகள் அவர் உடலுக்கு மிகக் கனமானவை எனக் கண்டு, அவர் அளவுக்கு ஏற்ற இலேசான துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தார், குறி மீண்டது. உலகப் புகழ் பெற்ற பின்னரும் ஒருவரிடம் பாடம் கேட்க அவர் நாணவில்லை. கருவி கற்போனுக்குப் பொருந்த வேண்டும், கற்போனைக் கருவிக்கு ஏற்ப வளைத்தலாகாது என்னும் இவ்வுண்மையைப் பின்னர்த் தம்மிடம் பயின்ற பெண்களுக்கும் அவர் வலியுறுத்தினார். அளவொத்த பாடநூலையே எல்லாச் சிறுவர் கையிலும் திணிக்கும் நாமும் இதனைச் சிந்தித்தல் தகும்.

பெயருக்கு வந்த இடர்

1901இல் நேர்ந்த புகைவண்டி விபத்தின் பின் அன்னி கோடியின் குழுவை விட்டு விலகினார். 1903இல் அதனினும் பெரிய அடி விழுந்தது. அவர் போதைப்பொருளுக்கு அடிமையாகித் திருடிச் சிறைப்பட்டார் என்று சிக்காகோ நகரிலிருந்து ஒரு செய்தி பரவியது. சிறைப்பட்டவள், அவர் பெயரை ஒத்த பெயர் பூண்ட வேறொரு பெண். செய்தியை வெளியிட்ட ஏடுகள் பல. ஏழை விடுதியிலிருந்து எழுந்து வந்தவர்க்கு நற்பெயர் ஒன்றே பெருஞ்செல்வம். அவர் 55 ஏடுகள் மீது மானநட்ட வழக்குத் தொடுத்தார். ஊர் ஊராக நீதிமன்றம் ஏறி, தம் பொழுதையெல்லாம் இதிற் செலவிட்டார். வழக்குகள் முடிவுற 1910ஆம் ஆண்டாயிற்று. ஒன்று நீங்க ஏனைய 54இலும் வெற்றியோ இணக்கமோ கண்டார். கிடைத்த பணத்தினும் வழக்குச் செலவே மிகுதி என்பர். இடையில் அவர் கையை நிறுத்தியிருப்பின், பொய்யே வரலாறாகி நிலைத்திருக்கும்.

கற்பித்த கை

மேடை வாழ்வை 1913இல் துறந்த பின், வட கரோலினாவிலுள்ள பைன்ஹேர்ஸ்ற் என்னும் ஊரிற் பல பருவங்கள் தங்கிப் பெண்களுக்குச் சுடப் பயிற்றினார். வாழ்நாளில் அவரிடம் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கினர். பெண்ணின் கைக்குத் துப்பாக்கி ஒவ்வாதென்று பலர் கருதிய காலம் அது. தம் திறமையைத் தெய்வக் கொடையென்று சொல்லி வியக்க வைப்பது அவருக்கு எளிது. அதனாற் காட்சிக்குக் கூட்டமும் கூடும். ஆயினும் தமக்கு வந்தது பிறர்க்கும் வரும் என்று காட்டுவதிலேயே தம் பிற்கால வாழ்வை அவர் செலவிட்டார். ஏகலைவனைப் போலக் குருவின்றிக் கற்றவர், தம்மை நாடி வந்தோர்க்குத் துரோணரினும் நல்ல குருவானார்.

அறுபது வயதைக் கடந்த பின், 1922இல், பதினாறு கஜ தூரத்திலிருந்து தொடர்ந்து நூறு களிமண் தட்டுகளை அவர் உடைத்தார். அவ்வாண்டின் இறுதியில் புளோரிடாவில் நேர்ந்த மோட்டார் வண்டி விபத்தில் இடுப்பும் கணுக்காலும் முறிந்தன. காலிலே இரும்புத் தாங்கியை அணிந்துகொண்டு மீண்டும் துப்பாக்கியைத் தூக்கினார். 1926ஆம் ஆண்டு நவம்பர் 3ஆந் தேதி கிறீன்வில்லிற் காலமானார். பதினெட்டு நாட்களுக்குப் பின் பற்லரும் அவரைத் தொடர்ந்தார்.

வியப்பை விளைவித்தவர் உலகிற் பலர். அவ்வியப்பைப் பாடமாக மாற்றி, எளியோர் கையிலும் கொடுத்துச் சென்றவர் சிலரே. வகுப்பறையில் நம் முன் அமர்ந்திருக்கும் இளையோரும் ஓடும் இலக்குகளே. இன்று அவர்கள் நிற்கும் இடத்தை நோக்கிக் கற்பித்தால் நம் சொல் வெற்று வெளியிற் போய் விழும். நாளை அவர்கள் சென்றடையப் போகும் இடத்தை எண்ணி, ஐயத்தாற் கையை நிறுத்தாது கற்பிப்போமாயின், குறி தவறாது.