சாட்டையடியை ஒப்பந்தம் போட்டு நிறுத்தியவர்... யார் இந்த பி.எஸ்.ஆர்?

கூலி நெல் குறையுதேன்னு கேட்டா சாட்டையடி. வேலைக்கு வரலைன்னா சாணிப்பால் குடிக்கணும். 1940-கள் வரை கீழத்தஞ்சையில் பண்ணையாட்களின் நிலைமை இதுதான். வழக்கு யார் மேலயோ, அதே மிராசுதார்தான் நீதிபதியும்.

அந்த ஊருக்கு 1943-ல் கம்யூனிஸ்ட் கட்சி அனுப்பிவைத்தவர் பி.சீனிவாச ராவ். சுருக்கமா பி.எஸ்.ஆர். 1907-ல் பிறந்தவர், தாய்மொழி கன்னடம், பிராமணக் குடும்பம். படிப்பை விட்டு விடுதலைப் போராட்டத்துக்கு வந்து சிறை சென்றவர். தமிழைப் பிறகுதான் கற்றுக்கொண்டார். சேரிகளிலேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டினார்.

1944-ல் களப்பாலிலும் மன்னார்குடியிலும் முத்தரப்புப் பேச்சுவார்த்தை நடந்தது. ஒரு பக்கம் மிராசுதார்கள், எதிரே விவசாயச் சங்கம், நடுவில் அரசு அதிகாரிகள். சாட்டையடியும் சாணிப்பாலும் கூடாது, கூலியை முத்திரை மரக்காலில்தான் அளக்கணும் என்று முடிவானது. மரக்கால் என்ன பெரிய விஷயமா? பெரிய விஷயம்தான். பண்ணை வைத்திருக்கும் மரக்கால் கொஞ்சம் சிறுத்தாலும், ஒரு குடும்பத்தின் கஞ்சி குறையும்.

ஒப்பந்தம் போட்டதோடு முடியவில்லை. 1948-க்குப் பிறகு அடக்குமுறை கடுமையானது, பி.எஸ்.ஆர். தலைமறைவானார்.

1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசு, தஞ்சை மாவட்டத்துக்கென்றே சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கம்யூனிஸ்ட்களைக் கடுமையாக எதிர்த்தவர் ராஜாஜி என்பதையும் சேர்த்துப் பார்க்கணும். பண்ணையாளை இஷ்டத்துக்கு நீக்க முடியாது. தகராறு வந்தால் சமரச அதிகாரி விசாரிப்பார், அதன் மேல் முறையீட்டுக்கு வருவாய் நீதிமன்றம்.

ஆனால் ஓட்டை இருந்தது. ஒரே கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான அளவுக்கு மேல் நிலம் உள்ளவர்களுக்குத்தான் சட்டம். பல மிராசுதார்கள் நிரந்தரப் பண்ணையாட்களை விட்டுவிட்டுத் தினக்கூலிக்கு மாறினார்கள். தினக்கூலி ஆள் பண்ணையாள் இல்லையே, சட்டம் அவரைத் தொடாது!

நில உச்சவரம்புக்கான போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது, 1961 செப்டம்பர் 30-ல் பி.எஸ்.ஆர். காலமானார். வயது 54.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வுத் தகராறு முற்றியிருந்த கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அதன் பிறகு அரசு கணபதியா பிள்ளை கமிஷனை அமைத்தது. 1969-ல் வந்த நியாயக் கூலிச் சட்டத்தில்தான், கூலித் தகராறைத் தீர்க்கும் சமரச அதிகாரி தினக்கூலிக்காரர்களுக்கும் கிடைத்தார்.