எப்.ஏ. தேறாத கணித மேதை

ஸ்ரீநிவாஸ ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாயார் கோமளத்தம்மாளின் பிறந்தகத்தில் பிறந்தார். தகப்பனார் ஸ்ரீநிவாஸ ஐயங்கார் கும்பகோணத்தில் ஜவுளிக்கடை குமாஸ்தா. 1897-ல் பிரைமரி பரீட்சையில் தஞ்சை ஜில்லாவிலேயே முதலாவதாகத் தேறிய பிள்ளை, டவுன் ஹைஸ்கூலிலும் பரிசுகள் பல வாங்கினார்.

பதினைந்தாம் வயதில் கார் என்ற ஆங்கிலேயரின் கணிதத் தொகுப்பு நூல் அவர் கைக்குக் கிடைத்தது. லண்டனில் ட்யூஷன் வாத்தியாராக இருந்த கார், பரீட்சைக்குப் படிப்பவர்களுக்காகத் தொகுத்த நூல் அது. சுமார் 5000 சூத்திரங்கள், விளக்கமோ சொற்பம். மற்றவர்கள் மனப்பாடம் செய்ததை ராமானுஜன் தாமே நிரூபித்துப் பார்த்தார். அதைத் தாண்டியும் போனார்.

அங்கேதான் சோதனை ஆரம்பமாயிற்று. 1904-ல் ஸ்காலர்ஷிப்புடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், கணிதம் தவிர மற்ற பாடங்களைத் தொடவில்லை. ஸ்காலர்ஷிப் பறிபோயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் 1907-ல் எப்.ஏ. தேறவில்லை. பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. நோட்டுப் புத்தகங்கள் மட்டும் நிரம்பின.

கணிதக் கழகத்தை நிறுவிய ராமஸ்வாமி ஐயர், நெல்லூர் கலெக்டர் ராமசந்திர ராவ், துறைமுகக் கழகத்தின் நாராயண ஐயர் ஆகியோர் மார்க்கைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்தார்கள். 1912-ல் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது.

அதே வருஷம் அவர் கடிதம் எழுதிய கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டியும் பரீட்சை முறையில் அதிருப்தி கொண்டவரே. அங்கு டிரைபாஸ் பரீட்சையில் நாலாவதாகத் தேறியும், அந்த முறையையே எதிர்த்துப் போராடினார் அவர். 1914-ல் ராமானுஜன் கப்பலேறினார். 1916-ல் ஆராய்ச்சியின் பேரில் பட்டம். 1918-ல் ராயல் சொஸைட்டி அங்கத்தினர். 1919-ல் உடல் நலிந்து திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் காலமானார்.

இன்று கணிதத்தில் நாட்டமுள்ள பள்ளிக் குழந்தைகளுக்கு மண்டல, தேசிய ஒலிம்பியாட் போட்டிகள் உள்ளன. 1989 முதல் சர்வதேசப் போட்டிக்கும் இந்திய மாணவர்கள் போகிறார்கள். இவையும் பரீட்சைகளே. எல்லாக் குழந்தைக்கும் இவை ஒத்துவரும் என்பதில்லை. மார்க் பட்டியலோடு குழந்தை தானாகப் போட்ட கணக்கு நோட்டையும் புரட்டிப் பார்க்கும் பெரியவர் ஒருவராவது ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். ராமானுஜனைக் காப்பாற்றியவர்கள் அத்தகையவர்களே.