டார்வினும் எம்மாவும்

உயிரினங்களின் தோற்றத்தை ஆராய்ந்து உலகப்புகழ் எய்திய சார்லஸ் டார்வின், இளமையிற் சமயகுரு ஆதற்பொருட்டே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். 1831 முதல் 1836 வரை பீகிள் என்னும் கப்பலில் உலகைச் சுற்றி மீண்ட பின்னர், அவருடைய பழைய நம்பிக்கை சிறிது சிறிதாகத் தளர்ந்தது. 1839இல் அவரை மணந்த எம்மா அம்மையாரோ ஆழ்ந்த இறைப்பற்று உடையவர். மறுமையில் இருவரும் பிரிய நேருமோ என அஞ்சிய அம்மையார், தம் கவலையைக் கடிதமாக எழுதிக் கணவரிடம் அளித்தார். டார்வின் அதனை இறுதிவரை பாதுகாத்தார். பன்முறை அதனை முத்தமிட்டுக் கண்ணீர் உகுத்ததை அக்கடிதத்திலேயே குறித்தும் வைத்தார்.

1851இல் அவர்தம் அருமை மகள் அன்னி, பத்து வயதில், மால்வெர்ன் என்னும் ஊரில் நோயுற்று இறந்தாள். கருவுற்றிருந்த தாயால் அங்குச் செல்ல இயலவில்லை. தந்தையே உடனிருந்து பேணினார். எஞ்சியிருந்த நம்பிக்கையும் அத்துயரோடு அகன்றது என்பர் வரலாற்றாசிரியர் சிலர். இறைப்பற்றுடைய எம்மனோர்க்கும் இவ்விடத்தில் நெஞ்சம் நெகிழும்.

எம்மா திருக்கோயிலுக்குத் தொழச் செல்வார், டார்வின் தொழார். ஆயினும் தம் ஊராகிய டௌனிற் பாதிரியாரோடு நட்புப் பூண்டு, எளியோர்க்கான உதவிச் சங்கத்தின் கணக்கையும் பல்லாண்டு பேணினார். கடவுள் இல்லை என்று துணிந்துரையாது, அறிய இயலாது என்னும் நிலையிலேயே நின்றார். மாலையில் எம்மா கதைநூல் படிக்க, அவர் கேட்டு மகிழ்வார்.

1882இல் டார்வின் உயிர் நீத்தபொழுது எம்மா அருகிலிருந்தார். இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் திருக்கோயிலினுள் அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது.