பீத்தோவனுக்குக் கடைசிவரை திருப்தி தராத பியானோக்கள்: டிஜிட்டல் பியானோ வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டிய ஒரு வாழ்க்கை

டிஜிட்டல் பியானோ வாங்கலாம்னு முடிவு பண்ணதும் தலைவலி ஆரம்பிச்சிடும். 61 கட்டையா, 88 கட்டையா? கட்டை லேசா இருக்கணுமா, கனமா இருக்கணுமா? பாலிஃபோனி 64 போதுமா, 192 வேணுமா? பெடல் ஒண்ணா, மூணா? கடைக்காரர் ஒன்று சொல்வார், யூடியூப் வீடியோ வேறொன்று சொல்லும்.

இந்தக் குழப்பம் புதிது இல்லை. 200 வருடங்களுக்கு முன்பு வியன்னாவில் வாழ்ந்த ஒருவர் கிட்டத்தட்ட இதே கேள்விகளோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டினார். அவர் லுட்விக் வான் பீத்தோவன். நமக்கும் அவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அவர் பியானோ தேடிக்கொண்டிருந்தபோதே அவருடைய காது கேட்காமல் போய்க்கொண்டிருந்தது.

யார் இந்த பீத்தோவன்?

ஜெர்மனியின் பான் நகரில் பிறந்தவர். 1770 டிசம்பர் 17 அன்று ஞானஸ்நானம் நடந்த பதிவு இருக்கிறது. அப்பா அரசவைப் பாடகர், குடிப்பழக்கம் உள்ளவர், மகனைக் கண்டிப்போடு பயிற்சி செய்ய வைத்தவர். பீத்தோவன் சிறு வயதில் பழகியவை ஆர்கன், கிளாவிகார்ட், ஹார்ப்சிகார்ட் போன்ற கருவிகள்.

ஹார்ப்சிகார்டில் ஒரு சிக்கல் உண்டு. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு முனை தந்தியை மீட்டும். மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் சத்தம் ஏறக்குறைய ஒரே அளவுதான். இத்தாலியின் ஃபுளோரன்ஸில் பர்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி 1700 வாக்கில் உருவாக்கிய பியானோ இதை மாற்றியது. அதில் தந்தியைச் சிறு சுத்தியல் அடிக்கும். விரல் மெதுவாகப் போனால் ஓசை மெதுவாக வரும், வேகமாகப் போனால் ஓங்கி வரும்.

இன்றைய டிஜிட்டல் பியானோவில் டச் சென்சிடிவிட்டி என்று போட்டிருப்பது இதைத்தான். கட்டையின் கீழே இருக்கும் சென்சார் விரலின் வேகத்தை அளந்து சத்தத்தைத் தீர்மானிக்கும். அந்த வசதி இல்லாத விலை குறைந்த கீபோர்டில் பழகுவது, பியானோ பழகுகிறோம் என்று நினைத்து ஹார்ப்சிகார்ட் பழகுவது மாதிரி.

61 கட்டை அவருக்குப் போதுமானதாக இருந்ததா?

1792இல் பீத்தோவன் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்து ஹைடனிடம் பாடம் கற்றார். சீக்கிரமே நகரத்தின் பேசப்படும் பியானோ கலைஞர் ஆனார். அப்போது வழக்கத்தில் இருந்த பியானோவுக்கு 5 ஸ்தாயி, அதாவது 61 கட்டைதான். பலரும் கேட்டிருக்கும் மூன்லைட் சொனாட்டா 1801இல் அந்த 61 கட்டைக்குள் எழுதப்பட்டது.

அப்படின்னா நமக்கும் 61 போதுமே? அங்கேதான் விஷயம் இருக்கு. அன்றைய 61 கட்டைகள் இடது பக்கம், கீழ் ஸ்தாயியில் கூடுதலாகப் போகும். இன்றைய 61 கட்டை கீபோர்டுகள் பெரும்பாலும் அதைவிட மேலே தொடங்குகின்றன. அதனால் மூன்லைட் சொனாட்டாவை எழுதியபடி வாசித்தால், இரண்டாவது அளவிலேயே இடது கைக்குக் கட்டை தீர்ந்துவிடும். 88 கட்டை வாங்கச் சொல்லி ஆசிரியர்கள் வற்புறுத்துவது சும்மா இல்லை.

இதே படைப்பின் முதல் பகுதி முழுவதையும் தந்திகளின் அதிர்வை அடக்காமல் வாசிக்கும்படி பீத்தோவன் குறித்திருக்கிறார். சஸ்டெயின் பெடலை அழுத்தியே வைத்திருப்பதற்குச் சமம். இப்படி ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும்போதுதான் பாலிஃபோனி எண் முக்கியமாகிறது. ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகளைக் கருவி தாங்கும் என்பதே அந்த எண். ஸ்டீரியோ ஒலியில் ஒரு சுரமே 2 இடங்களை எடுத்துக்கொள்ளலாம். எண் குறைவாக இருந்தால் பழைய சுரங்கள் பாதியில் அறுந்துபோகும்.

லேசான கட்டையா, கனமான கட்டையா?

வியன்னா பியானோக்களின் கட்டைகள் லேசானவை. ஆழம் குறைவு, ஓசை தெளிவு, ஆனால் சீக்கிரம் அடங்கிவிடும். ஆங்கிலேய, பிரெஞ்சு பியானோக்களோ கனமானவை, சத்தம் அதிகம், ஓசை நீண்டு நிற்கும்.

1803இல் பாரிஸின் எரார் நிறுவனத்தின் பியானோ ஒன்று பீத்தோவனுக்கு வந்தது. 68 கட்டை, காலால் இயக்கும் 4 பெடல்கள். அன்று வியன்னாவில் பெரும்பாலும் முழங்காலால் தள்ளும் நெம்புகோல்தான். புதுக் கருவி வந்ததும் அவருடைய இசையும் விரிந்தது. 1804, 1805 காலத்தில் உருவான அப்பாஸியோனாட்டா அந்த 68 கட்டைகளின் இரண்டு ஓரத்தையும் தொட்டது.

ஆனால் கட்டையின் கனம் அவருக்கு ஒத்துவரவில்லை. உள்ளே இருந்த பொறியமைப்பை மாற்றி லேசாக்கச் செய்தார். அப்படியும் திருப்தி இல்லை. சில வருடங்களில் அந்தக் கருவி பயனற்றுப் போய்விட்டதாகவே கருதினார். வசதிப் பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் விரலுக்குப் பிடிக்காத கட்டையோடு காலம் தள்ள முடியாது. டிஜிட்டல் பியானோவில் ஹாமர் ஆக்‌ஷன் என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு மாதிரி இருக்கும். ஆன்லைனில் ஆர்டர் போடும் முன் கடைக்குப் போய் உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பது அதனால்தான் அவசியம்.

காது போன பிறகு என்ன செய்தார்?

கேட்கும் திறன் குறைவது 1798 வாக்கில் தொடங்கியது. 1802இல் ஹைலிகன்ஸ்டாட் என்ற ஊரில் தங்கியிருந்தபோது தம்பிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். உயிரை விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியதாகவும், இசைதான் தடுத்ததாகவும் அதில் சொன்னார். அதை அனுப்பவே இல்லை. அவர் இறந்த பிறகுதான் கிடைத்தது.

1814இல் ஆர்ச்டியூக் ட்ரியோவை அவரே வாசித்தார். அதன் ஒத்திகையைக் கேட்ட இசைக் கலைஞர் லூயி ஸ்போர் தன் நினைவுக் குறிப்பில் பதிவு செய்த காட்சி மனதைப் பிசையும். ஓங்கி வாசிக்கும் இடத்தில் தந்திகள் அதிரும்படி அடித்தார். மெதுவாக வாசிக்கும் இடத்தில் சுரங்களே எழும்பவில்லை. அது அவருக்குத் தெரியவும் இல்லை.

இதன் பிறகு அவர் தேடியது ஒன்றே ஒன்று: சத்தம். 1817இல், பியானோ தயாரிப்பாளரும் நெருங்கிய தோழியுமான நானெட் ஸ்ட்ரைஷரிடம், முடிந்த அளவு அதிக ஓசை வரும்படி ஒரு பியானோவைச் சரிசெய்து தரக் கேட்டார். அதே வருடக் கடைசியில் லண்டனிலிருந்து தாமஸ் பிராட்வுட் ஒரு பியானோவைப் பரிசாக அனுப்பினார். 73 கட்டை. கப்பலில் ட்ரியெஸ்டே துறைமுகம் வந்து, அங்கிருந்து மலைப்பாதையில் வண்டியேறி 1818இல் வியன்னா சேர்ந்தது.

1820இல் அதன்மேல் ஓசையைக் குவித்துக் காதுக்கு அனுப்பும் கூடு ஒன்றைப் பொருத்தினார்கள். ஓங்கி அடித்து அடித்துத் தந்திகள் அறுந்தன. வாழ்வின் கடைசிக் கட்டத்தில் கான்ராட் கிராஃப் கொடுத்து வைத்திருந்த பியானோவில் பெரும்பாலான சுரங்களுக்கு நான்கு நான்கு தந்திகள். அப்போதும் அவருக்குக் கேட்டது மிகக் குறைவு.

ஆனாலும் எழுதுவது நிற்கவில்லை. ஹாமர்கிளாவியர் சொனாட்டா, ஒன்பதாம் சிம்பொனி எல்லாம் இந்தக் காலத்தில் பிறந்தவைதான். 1824 மே 7 அன்று ஒன்பதாம் சிம்பொனி அரங்கேறியபோது கைதட்டல் கேட்காமல் நின்றவரைப் பார்வையாளர்கள் பக்கம் திருப்பிவிட வேண்டியிருந்தது. 1827 மார்ச் 26 அன்று, 56 வயதில் இறந்தார்.

சரி, நாம எதைப் பார்த்து வாங்கணும்?

- கட்டை: 88, கனம் உள்ளது. கீழ் ஸ்தாயியில் சற்றுக் கூடுதல் கனமும் மேலே போகப் போக லேசும் இருந்தால் நிஜ பியானோவுக்கு நெருக்கம்.
- ஒலி: 500 டோன் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். தினமும் வாசிக்கப்போவது ஒரே ஒரு கிராண்ட் பியானோ டோன். ஒரு சுரத்தை மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி வாசியுங்கள். சத்தம் மட்டும் கூடுகிறதா, ஒலியின் குணமும் மாறுகிறதா?
- ஓசை அடங்கும் விதம்: பெடலை அழுத்தி ஒரு சுரத்தை வாசித்துவிட்டு அது முழுதாக மறையும்வரை காத்திருங்கள். திடீரென அறுந்தால் யோசியுங்கள்.
- பெடல்: மூன்று இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பாதி அழுத்தத்தை உணரும் ஒரு நல்ல சஸ்டெயின் பெடல் வேண்டும்.
- ஹெட்ஃபோன்: அபார்ட்மென்ட்டில் இரவு 11 மணிக்கு வாசிக்க இதுதான் துணை. ஆனால் வால்யூமைக் குறைத்தே வையுங்கள்.

கடைசிக் குறிப்பைச் சாதாரணமா எடுத்துக்காதீங்க. எந்தக் கருவியையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். எரார், பிராட்வுட், கிராஃப் என்று மாற்றிக்கொண்டே போன பீத்தோவனுக்கு மாற்ற முடியாமல் போனது காது ஒன்றுதான்.