தமிழில் உடம்பைப் பாடமாக்கிய டாக்டர் கிரீன்

நண்பர்களே, முதல் செமஸ்டர் ஞாபகம் இருக்கா? பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு வந்த நம்மள்ல முக்காவாசிப் பேர், ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின் என்று இங்கிலீஷில் பாடம் ஓடினபோது புரியாமலே மண்டையை ஆட்டினோம். திருநகர் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கையில் டெஃபனிஷனை மனப்பாடம் பண்ணுவேன். காலேஜ் போவதற்குள் மறந்துவிடும். அந்தச் சமயத்தில் படித்துத் தெரிந்துகொண்ட ஒருவரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1822-ல் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் பிறந்தவர். 1845-ல் நியூயார்க்கில் டாக்டர் பட்டம் வாங்கினார். அண்ணன் ஆண்ட்ரூ, நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் உருவாகப் பாடுபட்டவர். தம்பியும் அங்கேயே வசதியாக இருந்திருக்கலாம். ஆனால் 1847-ல் அமெரிக்க மிஷன் டாக்டராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். (1834-ல் நம்ம மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷனும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்ததுதான்.)

மானிப்பாயில் ஆஸ்பத்திரி தொடங்கி, 1848 முதல் உள்ளூர்ப் பையன்களுக்கு வைத்தியம் சொல்லிக் கொடுத்தார். ஆரம்பத்தில் இங்கிலீஷில்தான். படித்து முடித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விட, கிராமத்து நோயாளி அப்படியே கிடந்தான். கிரீன் யோசித்தார். தானே தமிழ் படித்தார். 1864 முதல் வகுப்பைத் தமிழுக்கு மாற்றிவிட்டார்!

வார்த்தைக்கு எங்கே போவது? தமிழில் சொல் இருந்தால் அது, இல்லாவிட்டால் சமஸ்கிருதம், அதுவும் கிடைக்காவிட்டால் இங்கிலீஷ் வார்த்தையையே தமிழ் எழுத்தில் எழுதுவது. இதுதான் அவர் வழி. அனாட்டமி அங்காதிபாதம் ஆயிற்று, பிசியாலஜி சுகரணம். கெமிஸ்ட்ரி கெமிஸ்தம்! சிரிப்பு வருதில்ல? எனக்கும் வந்தது. ஆனால் லண்டனில் 1858-ல் வெளியான கிரேயின் அனாட்டமி, 1872-லேயே மனுஷ அங்காதிபாதம் என்று தமிழில் வந்துவிட்டது என்று படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவருடைய மாணவர்களும் கூட உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள்.

அங்காதிபாதத்துக்கும் சுகரணத்துக்கும் என்ன வித்தியாசம்? மெக்கானிக்கல்காரன் பாஷையில் சொல்றேன். முதலாவது டிராயிங், இரண்டாவது மெஷின் ஓடும் விதம். இதயத்தில் நாலு அறை, நாலு வால்வு, இடது கீழறையின் சுவர் தடிமன். இது டிராயிங். வலது பக்கம் ரத்தத்தைப் பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்குத் தள்ளுது. இடது பக்கம் உடம்பு முழுக்கத் தள்ளணும், பிரஷர் அதிகம் வேணும், அதனால்தான் அந்தத் தடிமன். வால்வெல்லாம் நம்ம பம்ப்செட் ஃபுட்வால்வு மாதிரி ஒருவழிப் பாதை. சும்மா இருக்கும்போதே நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர்! இதைத் தமிழில் கேட்டால் யாருக்குப் புரியாது?

மதம் பரப்ப வந்தவர்தான், அதை அவர் ஒளிக்கவில்லை. அதில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் 60-க்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினாரே, அதை மறுக்க முடியுமா?

1873-ல் ஊர் திரும்பிய பிறகும் தமிழ்ப் புத்தக வேலையை விடவில்லை. மனுஷ சுகரணம் 1883-ல் வந்தது. அடுத்த வருஷம் மே மாதம் வூஸ்டரில் இறந்தார். தமிழர்களுக்கு மருத்துவப் பணி செய்தவர் என்ற விவரம் அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

இதையெல்லாம் படித்த பிறகு நான் நோட்டின் ஓரத்தில் ஒவ்வொரு டெஃபனிஷனுக்கும் என் தமிழில் ஒரு வரி எழுத ஆரம்பித்தேன். அப்ளைடு மெக்கானிக்ஸ் அரியர் கிளியர் ஆனது அந்த செமஸ்டரில்தான்.