சுல்தான் கான் வென்ற ஆட்டம்

மைசூர் ராமாபுரத்தில், பாட்டனார் வீட்டுத் திண்ணையில் நான் சதுரங்கம் பயின்றேன். அங்கே சிப்பாய்க்கு முதல் நகர்த்தலிலும் ஒரே கட்டந்தான். அந்தப் பழக்கத்தோடு சென்ற ஆண்டு கல்லூரிப் போட்டியில் அமர்ந்தேன். எதிரே இருந்தவரோ தொடக்க ஆட்ட நூல்களைக் கரைத்துக் குடித்தவர். விரைவிலேயே தோற்றேன். திண்ணைப் பயிற்சி எதற்குமே உதவாதோ என்று மனம் குமைந்தபோதுதான் மீர் சுல்தான் கானின் வாழ்க்கை என் கண்ணில் பட்டது.

இன்று பாகிஸ்தானில் உள்ள மித்தா திவானா அவர் பிறந்த ஊர். ஒன்பதாம் வயதில் தந்தையாரிடம் இந்திய முறைச் சதுரங்கம் கற்றார். உமர் ஹயாத் கான் என்ற பெருநிலக்கிழார் அவரை ஆதரித்து மேனாட்டு முறையிலும் பழக்கினார். 1928இல் அகில இந்தியப் பட்டம். 1929இல் லண்டன் பயணம். அவ்வாண்டே பிரிட்டிஷ் வாகையர் பட்டம்! 1932, 1933 ஆண்டுகளிலும் அப்பட்டம் அவருக்கே.

1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் எதிரே அமர்ந்தவர் முன்னாள் உலக வாகையர் காபாபிளாங்கா. ஆடியது குவீன்ஸ் இந்தியன் தற்காப்பு. கருப்புக் குதிரை நடுவில் பாய்ந்தது. சிப்பாய் அதைத் தாங்கிற்று. சுல்தான் கான் கலங்கவில்லை. குதிரையை வெட்டிவிட்டு, அரசன் பக்கத்துச் சிப்பாய்களை முன்னே செலுத்தினார். கருப்பு யானைகள் இரண்டும் அவர் எல்லைக்குள் புகுந்தன. ராணியைக் கொடுத்து இரண்டையும் வீழ்த்தினார்! தனித்த கருப்பு ராணியால் அவர் கோட்டையை உடைக்க இயலவில்லை. 65ஆம் நகர்த்தலில் வெற்றி அவருடையது.

ஆனால் என்ன கொடுமை! ஆதரித்தவர் தாயகம் திரும்பியபோது 1933 இறுதியில் அவரும் திரும்பினார். சர்வதேச ஆட்டம் அத்தோடு முடிந்தது. 1966இல் மறைந்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்ததோ 2024இல்!

நண்பர்களே, திறமை திண்ணையிலும் பிறக்கும். அது நிலைக்க ஒரு செல்வரின் தயவை நம்பியிருக்க வேண்டிய நிலைதான் அவரை வீழ்த்தியது. எனக்கு அந்த நிலை இல்லை; நூலகம் இருக்கிறது, உடன் ஆட நீங்கள் இருக்கிறீர்கள். இவ்வாண்டுப் போட்டிக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். மாலையில் பலகையோடு காத்திருப்பேன், வாருங்கள்.