உடலைக் கணக்கிட்ட அறிஞர்
அடோல்ப் கெட்டலே 1796-ஆம் ஆண்டு கெண்ட் நகரில் பிறந்தார். அந்நகர் இன்று பெல்ஜியத்தில் உள்ளது. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், பிரசல்ஸ் வானாய்வுக்கூடம் உருவாகக் காரணமானார். பின்னர், மக்களின் உடலளவுகளையும் ஆராய்ந்தார். பெரியவர்களின் எடை, உயரத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப அமைவதைக் கண்டறிந்தார்.

கெட்டலே 1874-இல் மறைந்தார். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அவரது கணக்கு, 1972-இல் 'உடல் நிறைக் குறியீடு' எனப் பெயர் பெற்றது. இன்று ஈப்போ பள்ளிகளிலும் மாணவர்களுக்கு அது கணக்கிடப்படுகிறது.

ஆயினும், கெட்டலே தேடியது மக்களின் சராசரியையே. தனி ஒருவரின் கொழுப்பளவை அன்று. பால்வாளி சுமந்து தசை இறுகிய தோட்டத் தொழிலாளியும், உடலுழைப்பு இல்லாமல் கொழுப்பு மிகுந்தவரும் ஒரே எண்ணைப் பெறக்கூடும். எனவே, இடுப்புச் சுற்றளவையும் அளந்து பார்ப்பது நன்று.